அமுக்கராவை மருந்தாகவே விற்போம்

கோவை டவுன்ஹால் பக்கத்தில் எங்கள் நாட்டு மருந்துக் கடை இருக்கிறது. அப்பா காலத்துக் கடை. சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய், சித்தரத்தை எல்லாம் அன்று போலவே இன்றும் போகின்றன. சமீப வருடங்களில் திடீரென்று விற்பனை ஏறிய சரக்கு எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: அமுக்கராக் கிழங்கு. வாங்க வருகிறவர்கள் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, அசுவகந்தா என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் இளவயதுக்காரர்கள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவர், திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவர், சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர், நீட் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் அம்மா. செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "அண்ணா, ராத்திரி தூக்கமே வர மாட்டேங்குதுங்க. இதைச் சாப்பிட்டா மனசு அமைதியாயிரும்னு சொல்றாங்க. ஒரு கால் கிலோ போடுங்க" என்பார்கள்.

கேட்டவுடன் கால் கிலோவை நிறுத்துக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. சரக்கின் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அமுக்கரா நல்ல மருந்து, மனக் கலக்கத்துக்கும் தூக்கக் குறைவுக்கும் உடல் சோர்வுக்கும் நம் வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்து வந்தது. நானும் நம்பித்தான் விற்கிறேன். குணம் செய்யும் வலு உள்ள பொருள் என்பதால்தான் சொல்கிறேன், அதைச் சூப்பர் மார்க்கெட்டில் சாக்லேட்டுக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கி, பழச்சுவை மிட்டாயாக்கி, யாருக்கு என்ன என்று கேட்காமல் விற்பது தவறு. இதில் பெரிய கம்பெனிகளை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி, "பால்ல போட்டுக் குடிங்க" என்று ஒரே வரியில் அனுப்பி வைக்கும் பழக்கமும் மாற வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் எனக்குத் துளியும் கோபமில்லை. கொங்கு நாட்டில் ராத்திரி விழித்திருப்பது பழைய கதை. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்த பிறகு சிங்காநல்லூர், பீளமேடு என்று மில்கள் வரிசையாக எழுந்தன, ராத்திரி ஷிப்ட் குடும்பங்களின் வாழ்க்கை முறையாகவே ஆயிற்று. விடிகாலையில் பஞ்சுத் தூசியோடு வீடு திரும்பி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பும் சத்தத்துக்கு நடுவே கண்ணை மூடியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். இன்று பல மில்களின் சங்கு ஓய்ந்துவிட்டது. பதிலுக்குக் கண்டம் தாண்டியிருக்கும் வாடிக்கையாளரின் பகல் நேரத்துக்கு விழித்திருக்கும் வேலைகள் வந்துவிட்டன. பல்லடம், சோமனூர் வட்டாரத்தில் விசைத்தறிக் கூடத்தை ஒட்டியே வீடு, தறி ஓடும் சத்தத்திலேயே தூங்கிப் பழகியவர்களுக்குத் தறி நின்றால் விழிப்பு வந்துவிடுகிறது. கடன் தவணை, ஆர்டர் ரத்து, நூல் விலை, பிள்ளையின் கட்டணம் என்று ஆளாளுக்கு ஒரு பாரம். தூக்கத்துக்கு வழி தேடுவது நியாயமான தேடல். அந்தத் தேடலுக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதே என் கேள்வி.

முதலில் சரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அமுக்கரா கத்தரி, தக்காளி, சுண்டைக்காய் இவற்றின் குடும்பம். இடுப்பளவு வளரும் செடி, இலையிலும் தண்டிலும் மெல்லிய வெள்ளை முடி படர்ந்திருக்கும். சொடக்குத் தக்காளியைப் போலக் காகித உறைக்குள் சின்னக் காய், பழுத்தால் சிவக்கும். வறண்ட மண் போதும். நம் பக்கம் காட்டு வேலியோரத்திலும் புறம்போக்கிலும் தானாக முளைத்து நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் கடைக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் வட்டாரத்தில் பயிராகி வருவது. அதைத்தான் சீமை அமுக்கரா என்று விற்கிறோம். நல்ல வேரை ஒடித்தால் நார் இழுக்காமல் பட்டென்று ஒடியும், உள்ளே வெள்ளையாக மாவு தெரியும். அந்த மாவுச் சத்துதான் வியாபாரிக்குத் தலைவலியும்கூட. கொஞ்சம் ஈரம் கோத்தாலும் வண்டு விழுந்துவிடும். பொத்தல் விழுந்த வேரைப் பொடியாக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் பொடியாக வாங்குவதைவிட வேராக வாங்குங்கள் என்றுதான் எப்போதும் சொல்வேன்.

சித்த வைத்தியத்தில் பேர்பெற்றது அமுக்கராச் சூரணம். அதன் செய்முறையில் ஒரு கணக்கு இருக்கிறது. கிராம்பு ஒரு பங்கு, சிறுநாகப்பூ இரண்டு பங்கு, ஏலம் நான்கு, மிளகு எட்டு, திப்பிலி பதினாறு, சுக்கு முப்பத்திரண்டு, அமுக்கரா அறுபத்துநான்கு, கடைசியில் சர்க்கரை நூற்றிருபத்தெட்டு. ஒவ்வொரு சரக்கும் முந்தையதைப் போல இரு மடங்கு. மொத்தம் 255 பங்கு. எழுதப் படிக்கத் தெரியாத உதவியாளும் மறக்க முடியாதபடி யாரோ ஒரு பெரியவர் யோசித்து வைத்த கணக்கு. அதில் அமுக்கரா கால் பங்கு, சர்க்கரை பாதிக்குச் சற்றே அதிகம். வைத்தியர் சொல்லும் அளவு வேளைக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் என்றால், ஒருவர் வயிற்றுக்குள் ஒரு வேளைக்குப் போகும் அமுக்கரா வேர் கால் கிராமிலிருந்து அரைக் கிராம் வரைதான். கூடவே சுக்கும் திப்பிலியும் மிளகும் ஜீரணத்தைப் பார்த்துக்கொள்ளும். இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. சர்க்கரை நோய் உள்ளவர் இந்தச் சூரணத்தை வைத்தியரிடம் கேட்காமல் தொடக் கூடாது. நம் ஊரில் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற காலத்தில், பாதி சர்க்கரை கலந்த மருந்து என்று சொல்லிக் கொடுக்கும் கடை எத்தனை?

சூரணத்தில் சேர்க்கும் முன் வேரைச் சுத்தி செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா செய்வார். வாய் அகன்ற மண்சட்டியில் பாலும் தண்ணீரும் பாதிப் பாதியாக ஊற்றுவார். சட்டியின் வாயில் வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டி, லேசாகப் பிசறிய அமுக்கராப் பொடியை அதன்மேல் பரப்பி, இன்னொரு சட்டியைக் கவிழ்த்து மூடுவார். இளந்தீ. பால் கொதித்து எழும் ஆவி துணி வழியாகப் பொடிக்குள் ஏறும். பச்சை வாடை முதலில் கிளம்பி வீடெல்லாம் பரவும், நேரம் ஆக ஆக அது தணிந்து வெந்த மாவின் வாசம் வரும். அந்த வாசம் வந்த பிறகுதான் அம்மா மூடியை எடுப்பார். பிறகு நிழலில் உலர்த்தி, மறுபடி இடித்து, துணியில் சலித்து எடுப்பது. இதற்குப் பிட்டவியல் என்று பேர். வேரின் கடுமை தணியத்தான் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று எத்தனை டப்பாக்களில் இருக்கும் பொடி இந்தப் பால் ஆவியைப் பார்த்திருக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வழியே இல்லை.

இப்போது காப்சூலுக்கு வருகிறேன். டப்பாவில் 300 மில்லிகிராம் என்றோ 600 மில்லிகிராம் என்றோ போட்டிருக்கும். பார்க்கிறவர், "நாட்டு மருந்துக் கடையில ரெண்டு கிராம் சொல்றாங்க, இது கொஞ்சம்தானே" என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலான காப்சூல்களில் இருப்பது வேர்ப்பொடி அல்ல, வேரிலிருந்து எடுத்து இறுக்கிய சாரம். பல கிராம் வேரின் சத்து ஒரு சிட்டிகைக்குள் அடக்கப்பட்டது. ஆயுர்வேதத்தில் வேர்ப்பொடியையே 3 கிராமிலிருந்து 6 கிராம் வரை கொடுப்பதுண்டு, ஆனால் அங்கும் நாடி பார்த்த ஒருவர் அளவைச் சொல்லி, நாளைச் சொல்லி, மறுபடி வரச் சொல்கிறார். காப்சூலை வாங்குகிறவரை யாரும் மறுபடி வரச் சொல்வதில்லை. பேர் ஒன்றாக இருப்பதால் நம் பாட்டி சாப்பிட்ட சூரணமும் இன்றைய காப்சூலும் ஒன்று என்று எண்ணக் கூடாது.

காப்சூல் வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். செய்கிறது, அதற்குச் சோதனைகளும் உண்டு. ஹைதராபாத்தில் நடந்து 2012-ல் வெளியான ஒரு சோதனையில், மன அழுத்தம் உள்ள 64 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வேரின் சாரம் 300 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை 60 நாள் கொடுத்தார்கள், இன்னொரு பிரிவுக்கு வெற்று மாத்திரை. சாரம் சாப்பிட்டவர்களின் அழுத்தம் நன்றாகவே குறைந்தது. அழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால், அவர்கள் ரத்தத்தில் கால் பங்குக்கு மேல் இறங்கியது. தூக்கக் குறைவு உள்ளவர்களுக்கும் பலன் தெரிந்ததாகப் பிற்பாடு வந்த சோதனைகள் சொல்கின்றன. நம் பெரியவர்கள் கண்டது வீண் போகவில்லை என்று இதைப் படிக்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள்: அறுபது எழுபது பேர், இரண்டு மூன்று மாதம். வருடக் கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனைகள் பார்க்கவில்லை. அமெரிக்க அரசின் சுகாதார நிறுவனம்கூட, மூன்று மாதம் வரை பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கிறது, நீண்ட காலத்துக்குச் சொல்வதற்கில்லை என்ற அளவில்தான் நிற்கிறது. எங்கள் கடைக்கு வருகிறவர்களிலோ, விட்டால் தூக்கம் போய்விடுமோ என்ற பயத்தில் வருடம் முழுவதும் டப்பா டப்பாவாகச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கல்லீரல் பாதிப்பு பற்றிய செய்திகளை நாட்டு மருந்துக்காரர்கள் பேசத் தயங்குகிறார்கள். நாம்தான் முதலில் பேச வேண்டும். ஐஸ்லாந்திலும் அமெரிக்காவிலும் அசுவகந்தா சாப்பிட்டவர்களில் சிலருக்கு மஞ்சள் காமாலை கண்டதை 2020-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். பிறகு இந்தியாவிலிருந்தும் அத்தகைய அறிக்கைகள் வந்தன. பெரும்பாலோர் நிறுத்தியதும் தேறிவிட்டார்கள். ஏற்கெனவே கல்லீரல் கெட்டிருந்தவர்களுக்கு நிலைமை மோசமாகப் போயிருக்கிறது. இது அரிதாக நடப்பது, உண்மைதான். ஆனால் தினமும் குடிக்கிற பழக்கம் உள்ளவர், ராத்திரி தூங்குவதற்கென்று இதையும் சேர்த்துச் சாப்பிடுகிற காட்சி நம் ஊரில் அரிதல்ல. டென்மார்க் 2023-ல் அசுவகந்தாவையே தடை செய்துவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பல நூறு வருடம் வேராகப் பயன்பட்ட மருந்துக்கு ஒரேயடியாகக் கதவடைப்பது, அதனால் பலன் பெறுகிறவருக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அவர்கள் பயந்த பயத்தில் பாதியாவது நமக்கு இருக்க வேண்டாமா?

மனதை அமைதிப்படுத்தும் வேர் எவ்வளவு வலுவானது என்பதற்கு நம் நாட்டிலேயே இன்னொரு சாட்சி சர்ப்பகந்தி. மனக் கலக்கத்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அந்த வேர் பயன்படுவதைக் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் 1931-ல் எழுதினார்கள். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதியதும் உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரிசர்பைன் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. கோடிக் கணக்கில் மாத்திரை விற்றது. ரத்தக் கொதிப்பு இறங்கியது. கூடவே, அதைச் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மனச் சோர்வு வந்ததையும் மருத்துவர்கள் கவனித்துச் சொன்னார்கள். காட்டில் அந்தச் செடியைத் தோண்டித் தோண்டி அருகிப் போகச் செய்ததும் தனிக் கதை. இன்று ரிசர்பைனை மருத்துவர் சீட்டு இல்லாமல் யாரும் கொடுப்பதில்லை. அந்த மரியாதையில் ஒரு பங்கு அமுக்கராவுக்கும் கிடைக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தம்பி கடைக்கு வந்தார். முன்பு வாங்கிப் போனது தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்குகிறது. கேட்டால், "ராத்திரி நல்லா தூங்கறேனுங்க அண்ணா, பகல்லயும் தூக்கமா வருதுங்க. நேத்து அவினாசி ரோட்டு சிக்னல்ல வண்டிய நிறுத்தினவன் அப்படியே அசந்துட்டேன்" என்கிறார். தூக்கத்துக்கு வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று விசாரித்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்றும் கூடவே ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் இதைச் சொன்னாரா? "இல்லீங்க, இது வெறும் மூலிகைதானுங்களே."

அந்த "வெறும்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. குணப்படுத்தும் என்று நம்பி வாங்கும்போது அது மூலிகை, டாக்டரிடம் சொல்லும்போது அது வெறும் மூலிகையாகிவிடுகிறது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கத்தைக் கூட்டும். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையையும் அழுத்தத்தையும் தேவைக்கு மேல் இறக்கிவிடக் கூடும். தைராய்டு சுரப்பைத் தூண்டும், ஆகவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது. கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். சிறுநீரகம் மாற்றி வைத்துக்கொண்டவர்கள் போல எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் வேண்டாம். அந்தத் தம்பியை டாக்டரிடம் போய் இரண்டையும் சொல்லிவிட்டு வரச் சொல்லி வெறும் கையோடு அனுப்பினேன். பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். தடுக்க என்னிடம் வழியில்லை, சட்டத்திடம் இருக்க வேண்டும்.

சட்டம் இப்போது எப்படி இருக்கிறது? ஒரே வேர் இரண்டு கதவு வழியாகச் சந்தைக்கு வருகிறது. மருந்து உரிமத்தோடு வரும் டப்பா உண்டு, உணவுத் துணைப்பொருள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணைய எண்ணோடு வரும் டப்பாவும் உண்டு. இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன, வாங்குகிறவர் வித்தியாசம் அறிய மாட்டார். முன்பக்கத்தில் யோகா செய்யும் பெண் படம், பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஆங்கிலம். இன்னொரு சங்கதி இலை. அமுக்கரா இலை மலிவு, வேரை எடுக்கச் செடியையே பிடுங்க வேண்டும். இலையின் சாரத்தைக் கலந்து காப்சூல் செய்வது பரவியதால், வேரை மட்டும் பயன்படுத்துங்கள், இலையைத் தவிருங்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் 2021 அக்டோபரில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. வேரையும் இலையையும் ஒன்றாகப் பார்க்க முடியாது. நம் நூல்கள் உள்ளுக்குச் சாப்பிடச் சொன்னது வேரைத்தான். இலையில் இருக்கும் சத்துகளின் விகிதமே வேறு. பொடியாகவே வாங்குகிறவர்கள் ஒரு வெள்ளைத் தாளில் சிறிது கொட்டிப் பாருங்கள். வேர்ப்பொடி இளமஞ்சளும் வெள்ளையும் கலந்தாற்போல் இருக்கும். பச்சை ஓடினால் திருப்பிக் கொடுங்கள். காப்சூலுக்குள் இருப்பதை அப்படிப் பார்க்க முடியாது. ஆகவே டப்பாவின் முன்பக்கத்திலேயே, தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும் என்று கேட்கிறேன்: வேரா இலையா, பொடியா சாரமா, யார் சாப்பிடக் கூடாது. பீடிக் கட்டுக்கு எச்சரிக்கை அச்சடிக்க முடிகிற நாட்டில் இது நடக்காத காரியமல்ல.

தூக்கமில்லாதவர் எங்கே போவது என்று கேட்கலாம். கோவை அரசு மருத்துவமனையில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் உட்கார்ந்து பார்க்கிறார், மருந்து இலவசம். 1983-ல் தொடங்கிய அரசு நிறுவனமான டாம்ப்கால் தயாரித்த மருந்துகள் அங்கே வருகின்றன. டப்பாவுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். முக்கியமாக, அங்கே போனால் ஒருவர் உங்களைக் கேள்வி கேட்பார். தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்பார். ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கிற டீயைக் கேட்பார், படுக்கையில் கிடந்து பார்க்கும் போனைக் கேட்பார். வாரக் கணக்கில் தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், வாழ்வே வெறுத்துப் பேசுகிற ஆளாக இருந்தால் அமுக்கராவை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. மேல்தளமோ அடுத்த கட்டடமோ மனநல மருத்துவர் இருப்பார், அவரிடம் அனுப்பி வைப்பார்கள். அப்படி அனுப்ப வேண்டிய ஆட்கள் எங்கள் கடைக்கு வந்து நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அவர்களிடம் நூறு கிராம் நிறுத்துக் கொடுத்துக் காசு வாங்குவது பாவம்.

தூக்கத்துக்கு எங்கள் கடையில் வேறு சரக்குகளும் உண்டு. சாதிக்காயை உரைத்துப் பாலில் கலக்கிக் குடிப்பார்கள். அளவு மிஞ்சிப் போனால் சாதிக்காயும் விஷம், மயக்கமும் பிதற்றலும் வரும். இதையும் யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

விவசாயத்தையும் சொல்ல வேண்டும். அமுக்கராவுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம், ஐந்தாறு மாதப் பயிர், ஆடு மாடு மேயாது என்று சொல்லி அவினாசி, காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் போடலாமே என்று கேட்கிற விவசாயிகள் உண்டு. போடலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் ஊரிலேயே இருக்கிறது, மருந்துப் பயிர்களுக்குத் தனித் துறையும் வைத்திருக்கிறது. அங்கே கேட்டு விதையும் முறையும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக் கிழங்கு போட்டவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு இறங்குங்கள். நல்ல விலை கண்ட அதே விதை, வியாபாரிகள் கைவிட்ட வருடத்தில் மூட்டையாக வீட்டில் கிடந்த கதையை அவர்கள் சொல்வார்கள். டாம்ப்கால் போன்ற அரசு நிறுவனங்கள் முன்கூட்டியே விலை பேசி, வேராகவே கொள்முதல் செய்ய முன்வந்தால் கொங்கு நாட்டு மண்ணிலிருந்தே சுத்தமான சரக்கு வரும். கலப்படப் பொடிக்கும் அதுவே நல்ல பதில்.

அரசு செய்யும் வரை எங்களால் ஆனதைச் செய்யலாம். எங்கள் கடையில் அமுக்கராப் பொட்டலத்தோடு இப்போது ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம். கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள், தைராய்டு, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, தூக்கம் இவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம். வைத்தியர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், அவர் சொன்ன நாளுக்கு மேலும் வேண்டாம். கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடம்பெல்லாம் அரித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிறது. சீட்டைப் படித்துவிட்டுப் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அந்த வியாபாரம் போனதில் எனக்கு வருத்தமில்லை. ரங்கே கவுடர் வீதியில் மொத்தமாக எடுத்து ஈரோடு, கோபி, பொள்ளாச்சி, உடுமலைக் கடைகளுக்கு அனுப்புகிறவர்களிடம், மூட்டையோடு ஒரு கட்டு சீட்டையும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிலர் சம்மதித்திருக்கிறார்கள். மாதிரி வேண்டும் என்கிற கடைக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம், அவர்கள் கடைப் பேரைப் போட்டே அச்சடித்துக்கொள்ளட்டும்.